ஊவாத் தோட்டங்களும் ஆராய்ச்சிச் சுதந்திரமும்

பதுளை நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளிலே தேயிலை பயிராகத் தொடங்கி ஒரு நூற்றாண்டு கடந்து நெடுங்காலமாகிவிட்டது. 1890ஆம் ஆண்டிலே தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1924ஆம் ஆண்டிலே புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. பசறை, லுணுகலை, நமுனுகுலை, பண்டாரவளை முதலிய இடங்களிலிருந்து சென்ற கொழுந்தின் மணத்தை உலகச் சந்தைகள் நன்கு அறிந்தன. ஆயின், அக்கொழுந்தைக் கொய்தவர்கள் எவ்வாறு வாழ்ந்தார்கள், எவ்வளவு கூலி பெற்றார்கள், எந்நோயால் இறந்தார்கள் என்பவற்றை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது. அறிய விரும்பியோர் இல்லாமற் போனமை இதற்குக் காரணமன்று. அறிவதற்குரிய வழி அடைக்கப்பட்டிருந்தமையே காரணம்.

அறிவு வளர்வதற்கு இரண்டு வாயில்கள் வேண்டும். ஆராய்பவன் உண்மை இருக்கும் இடத்துக்குள்ளே செல்வதற்கு ஒரு வாயில். கண்ட உண்மையை வெளியே கொணர்ந்து பலர் அறியச் சொல்வதற்கு மற்றொரு வாயில். மக்களுக்குப் பதில் கூறக் கடமைப்படாத ஆட்சி எங்கே நிலவுகின்றதோ, அங்கே இவ்விரண்டு வாயில்களில் ஒன்றையேனும் பூட்டிவிடுவது வழக்கம். கல்விச் சுதந்திரம், ஆராய்ச்சிச் சுதந்திரம் என்று இன்று உலகெங்கும் பேசப்படுவன இவ்வாயில்களைப் பற்றியனவேயாகும். ஊவாவின் தோட்ட வரலாற்றையும் அதனோடு தொடர்புடைய சில நிகழ்ச்சிகளையும் நோக்கினால், இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

ஆங்கிலேயர் காலத்துத் தோட்டம் தனியார் நிலம். அதன் எல்லைக்குள்ளே துரையின் அனுமதியின்றி அந்நியர் எவரும் புகமுடியாது; புகுந்தால் அத்துமீறிப் புகுந்த குற்றம் சாட்டப்படும். தொழிலாளரின் உறவினர்கூடத் தடையின்றி லயத்துக்கு வந்து போக முடியாத நிலை இருந்தது. 1917ஆம் ஆண்டிலே சென்னை அரசாங்கத்தின் சார்பில் மார்ஜோரிபாங்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவர் இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளரைப் பற்றி அறிக்கை அளித்தனர். அத்தகைய உத்தியோக விசாரணைக்குத் தோட்டத்தின் கதவு திறந்தது. ஆயின், அரசாங்கத்தின் ஆணையோடு வருபவருக்கு மட்டும் திறக்கும் கதவு, உண்மையில் திறந்த கதவாகாது. தொழிலாளியும் துரைக்கும் கங்காணிக்கும் முன்னால் நின்றுகொண்டு மனத்தில் உள்ளதையெல்லாம் சொல்லிவிட மாட்டான்.

இந்நிலையில் தோட்டத்துக்குள்ளே நுழைய ஒரு புதிய உபாயத்தைக் கையாண்டவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரைச் சேர்ந்த இவர் பத்திரிகையாளர். தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை நேரிற் கண்டறிய விரும்பியபொழுது, துரைமார் அவருக்கு வழிவிடவில்லை. ஆகவே அவர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டார். தலையிலும் தோளிலும் துணி மூட்டை சுமந்து செல்லும் வியாபாரியை எவரும் ஐயுறவில்லை. லயத்து வாசலிலே மூட்டையை அவிழ்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விகளுக்குத் தொழிலாளர் அஞ்சாமல் விடை கூறினர். இவ்வாறு பெற்ற செய்திகளே பிற்காலத்தில் அவர் எழுதிய கட்டுரைகளுக்கும் நூல்களுக்கும், 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளில் அவர் நடத்திய போராட்டத்துக்கும் அடிப்படையாயின. கடன் சீட்டாகிய 'துண்டு' என்பதை வைத்துக்கொண்டு தொழிலாளரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றும் முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அவ்வாறான மாற்றங்களுக்குப் பின்னாலே, தோட்டத்தின் உள்நிலை வெளியுலகுக்குத் தெரியலாயிற்று என்னும் உண்மை இருக்கின்றது.

நடேசய்யர் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் அல்லர். எனினும், நேரிற் சென்று காணுதல், கேட்டறிதல், எழுதிவைத்தல், வெளியிடுதல் என்னும் ஆராய்ச்சியின் நான்கு தொழில்களையும் அவர் செய்தார். ஓர் ஆராய்ச்சியாளன் வேடம் பூண்டுகொண்டுதான் தன் வேலையைச் செய்யவேண்டும் என்ற நிலை, அந்நாட்டின் ஆட்சி முறைக்குப் பெருமை தருவதன்று.

உள்ளே செல்லும் வாயில் ஒருவாறு திறந்த பின்னர், வெளியே சொல்லும் வாயிலைப் பற்றிய வழக்கு 1937ஆம் ஆண்டிலே எழுந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர் மடுல்கலையிலுள்ள ஒரு தோட்டத்திலே துரைத்தொழில் பயிலச் சேர்ந்தார். அங்கே தொழிலாளர் நடத்தப்பட்ட முறையைக் கண்டு மனம் வருந்தி, அத்தொழிலை விட்டு நீங்கினார். 1937 ஏப்ரில் மாதத்திலே நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்திலே தாம் தோட்டத்தில் கண்டவற்றைப் பகிரங்கமாகப் பேசினார். தோட்டத்தின் உள்ளிருந்தே ஒரு வெள்ளைக்காரர் சாட்சி சொல்வதைத் துரைமாரால் பொறுக்க இயலவில்லை. அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் எனத் தேசாதிபதி கட்டளை பிறப்பித்தார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1896ஆம் ஆண்டின் பழைய ஆணையொன்று.

பிரேஸ்கேர்டிலின் சார்பில் ஆள்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. சட்டத்தரணி எச். வீ. பெரேரா அவருக்காக வாதாடினார். பிரதம நீதியரசர் சிட்னி ஏபிரகாம்ஸ் முதலாய மூன்று நீதியரசர்கள், யுத்தம் அல்லது பெருங்குழப்பம் போன்ற நெருக்கடி வேளைகளிலன்றி அவ்வதிகாரத்தைத் தேசாதிபதி பயன்படுத்த முடியாது எனத் தீர்ப்பளித்து, அவரை விடுதலை செய்தனர். கண்டதைச் சொன்னவனைத் தண்டிக்க ஆட்சியாளர் முயன்றபொழுது, அவர்களின் நீதிமன்றமே அவர்களைத் தடுத்து நிறுத்தியது. உண்மையைச் சொல்பவனுக்குக் கிடைக்கத்தக்க முதற்பாதுகாப்பு, அச்சமற்ற நீதிமன்றம் என்பதற்கு இவ்வழக்கு என்றும் நின்று சான்று கூறும்.

ஆயின், அத்தீர்ப்பிலேயே ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. நெருக்கடி வேளையாயின் என்னாகும் என்ற கேள்விக்கு விடை, மூன்றே ஆண்டுகளில் ஊவாவிலே கிடைத்தது.

1939ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மலைநாட்டுத் தோட்டங்களிலே வேலைநிறுத்தங்கள் தோன்றலாயின. 1940 ஜனவரியில் மூலோயாத் தோட்டத்திலே பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தார். அதைப் பற்றிய விசாரணையிலே கோவிந்தனின் மனைவிக்காகத் தோன்றிய சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா. வேலைநிறுத்த அலை படிப்படியாக ஊவாவுக்குப் பரவியது. மே மாதம் 12ஆம் நாள் பதுளையிலே நடக்கவிருந்த கூட்டத்தைப் பொலிசார் தடைசெய்தனர். என். எம். பெரேரா தடையை மீறிப் பேசினார். திரண்டிருந்த கூட்டத்தைக் கலைக்கப் பொலிசாரால் இயலவில்லை. பதுளையைச் சேர்ந்த வேவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தாமே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து செயலாற்றத் துரையும் இணங்கினார். அங்கே அனுப்பப்பட்ட ஆயுதம் தாங்கிய பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். பின்னர் பெருவெள்ளம் ஏற்பட்டு, ஊவா மாகாணம் ஒரு வாரத்துக்கு மேலாக நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டிக்கப்பட்டது. அவ்வேளையிலே பொலிசாரின் கடுமையான அடக்குமுறையால் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது.

அடுத்த மாதமே கைதுகள் தொடங்கின. 1940 ஜூன் மாதத்திலே என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் யுத்தகாலப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின் கீழ்ச் சிறையிலிடப்பட்டனர். குற்றப்பத்திரிகை இல்லை, வழக்கு விசாரணை இல்லை. இவர்களுள் பெரேராவும் குணவர்த்தனவும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசாங்க சபை உறுப்பினர்கள். யுத்தத்தை எதிர்த்துப் பேசியதும் தோட்டத் தொழிலாளரிடையே வேலை செய்ததும் அவர்கள் செய்த 'குற்றங்கள்'. 1937இலே பிரேஸ்கேர்டிலைக் காத்த அதே சட்டம், 1940இலே இவர்களைக் காக்கவில்லை. யுத்தம் என்னும் நெருக்கடி வந்துவிட்டமையே காரணம். அந்நால்வரும் 1942 ஏப்ரில் மாதத்திலே கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பிச் செல்லும்வரை, எந்த நீதிமன்றமும் அவர்களை விசாரிக்கவில்லை.

இந்நால்வருள் இருவர் கலாநிதிகள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கொல்வின் டி சில்வா இலண்டனிலே வரலாறு பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றவர். இலங்கையிலே ஆங்கிலேயர் ஆட்சி நிலைபெற்ற வரலாற்றை, 1795 முதல் 1833 வரையுள்ள காலத்தை, ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்தவர். ஊவா வெல்லச மக்கள் 1817, 1818ஆம் ஆண்டுகளிலே ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டதும் அக்காலத்திலேயே. அவருடைய அவ்வாராய்ச்சி நூலின் முதற்பகுதி 1941ஆம் ஆண்டிலே வெளிவந்தது. அப்பொழுது நூலாசிரியர், எந்த ஆட்சியின் தொடக்கத்தை ஆராய்ந்தாரோ அந்த ஆட்சியின் சிறையிலே இருந்தார். நூலுக்குத் தடையில்லை, நூலாசிரியருக்கே தடை. நூறு ஆண்டுகளுக்கு முந்திய உண்மையை எழுதினால் ஆட்சியாளர் பொறுத்துக்கொள்வர். கண்முன் நிகழும் உண்மையை மலையேறிச் சென்று தொழிலாளரிடம் பேசினால் பொறுக்கமாட்டார் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

மற்றவராகிய என். எம். பெரேரா, இலண்டன் பொருளியற் கல்லூரியிலே பேராசிரியர் ஹரால்ட் லாஸ்கியிடம் பயின்றவர். அக்கல்லூரியிலேயே, துன்புறும் அறிஞரைக் காப்பதற்கான உலகின் முதற்பெரும் முயற்சிகளுள் ஒன்று தோன்றியமை ஒரு வியத்தகு பொருத்தமாகும். 1933ஆம் ஆண்டிலே ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றி, ஏப்ரில் மாதத்திலே ஒரு சட்டத்தால் யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் பல்கலைக்கழகப் பதவிகளிலிருந்து நீக்கினார். அப்பொழுது பொருளியற் கல்லூரியின் தலைவராயிருந்த வில்லியம் பெவரிட்ஜ், அச்செய்தி கேட்டு இலண்டன் திரும்பியதும் அக்கல்லூரி ஆசிரியர்களை ஒன்றுகூட்டினார். அவர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி நிதி சேர்த்தனர். மே மாதத்திலே கல்விமான்களுக்கு உதவும் கழகம் ஒன்று தோன்றியது. விஞ்ஞானி ரதர்போர்ட் அதன் தலைவரானார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்திலே இலண்டன் மாநகரில் நிகழ்ந்த பெருங்கூட்டத்திலே அயின்ஸ்டைன் நேரிற் பேசினார். அக்கழகம் காப்பாற்றியவர்களுள் 16 பேர் பிற்காலத்திலே நோபல் பரிசு பெற்றனர். வேறு பெயரோடு அக்கழகம் இன்றும் இயங்கி வருகின்றது.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும். ஜேர்மனியில் துரத்தப்பட்ட அறிஞருக்குப் பிரித்தானியாவின் ஆசிரியர்கள் தங்கள் சம்பளத்தைப் பகிர்ந்தளித்தனர். அது போற்றத்தக்க செயல். ஆயின், அதே பிரித்தானியாவின் ஆட்சிக்குட்பட்ட நாடொன்றிலே, அதே கல்லூரியின் மாணவர் விசாரணையின்றிச் சிறையிருந்தார். வீட்டிலே சுதந்திரத்தைப் போற்றும் அரசு, குடியேற்ற நாட்டிலே அதனை மறுத்தல் கூடும். ஆகவே ஓர் அரசின் பெயரையோ புகழையோ நம்பி அறிஞர் பாதுகாப்பை அதனிடம் ஒப்படைத்துவிட முடியாது.

நாடு சுதந்திரம் பெற்றபின் இவ்வாயில்கள் தாமாகவே திறந்துவிடும் என்று பலர் எதிர்பார்த்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா உட்பட, இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். ஆயின், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த சட்டங்களும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. தங்கள் நிலையைச் சட்டசபையிலே எடுத்துச் சொல்வதற்கு வாயற்றவர்களாக அவர்கள் ஆக்கப்பட்டனர். நாடற்றவர் என்னும் நிலை முற்றாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதனினும் மேலாக ஒரு படிப்பினை உண்டு. 1940இலே விசாரணையின்றிச் சிறையிருந்த கொல்வின் டி சில்வாவும் என். எம். பெரேராவும் 1970ஆம் ஆண்டிலே அமைச்சராயினர். கொல்வின் டி சில்வாவுக்குப் பெருந்தோட்டத்துறையும் அரசியலமைப்பு விவகாரமும் உரியவாயின. அவ்வரசாங்கம் 1971ஆம் ஆண்டிலிருந்து நெடுங்காலம் அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஆட்சி நடத்தியது. விசாரணையின்றிப் பல்லாயிரம் இளைஞரைத் தடுத்து வைத்தது. 1973ஆம் ஆண்டிலே பத்திரிகைப் பேரவைச் சட்டத்தைக் கொணர்ந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாட்டால் தோட்டங்களிலே பசியும் சாவும் மிகுந்தன. அந்நாட்களிலே தோட்டத்துத் துயரம் உலகுக்குத் தெரிந்ததிற் பெரும்பங்கு, பிரித்தானியத் தொலைக்காட்சிப் படம் ஒன்றுக்கும் வெளிநாட்டுத் தொண்டு அமைப்புகளுக்கும் உரியது. ஒருகாலத்திலே அடக்குமுறைக்கு உட்பட்ட நல்லறிஞரும் அதிகாரத்தில் அமர்ந்தபின் அதே கருவிகளைக் கையாளும் அரசின் அங்கமாகின்றனர். எனவே ஆராய்ச்சிச் சுதந்திரம் நல்ல மனிதரின் கருணையில் தங்கியிருத்தல் ஆகாது. சட்டத்திலும் நிறுவனத்திலும் வேரூன்றியிருத்தல் வேண்டும்.

நிறுவனம் என்று கூறும்பொழுது பல்கலைக்கழகம் முதலிற் கருதத்தக்கது. 1942ஆம் ஆண்டிலே ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம், தன்னைத் தானே ஆளும் உரிமையுடையதாய் இருந்தது. 1966ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் அவ்வுரிமையைக் குறைத்து, அமைச்சரின் கையை ஓங்கச் செய்தது. பின்வந்த சட்டங்களும் பலவாறு அதனையே தொடர்ந்தன. ஆயின், அரசாங்கத்தின் தலையீடு மட்டுமே ஆபத்தன்று என்பதை 1989ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாதத்திலே கொழும்புப் பல்கலைக்கழக உபவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர தம் அலுவலகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். செப்டம்பர் 21ஆம் நாள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியற் பகுதித் தலைவர் ராஜினி திராணகம வீடு திரும்பும் வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தம் சகாக்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' என்னும் நூலை எழுதியவர். இலங்கை அரசு, இந்தியப் படை, தமிழ் இயக்கங்கள் ஆகிய மூன்று தரப்பாரும் மக்களுக்கு இழைத்த கொடுமைகளைப் பாகுபாடின்றிப் பதிவு செய்தவர். அவரைக் கொன்றவர்கள் விடுதலைப் புலிகளே என அவருடைய சகாக்கள் எழுதியுள்ளனர். 2006 டிசம்பரிலே கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் எஸ். ரவீந்திரநாத் கொழும்பிலே கடத்தப்பட்டுக் காணாமற் போனார்.

ராஜினியின் சகாக்களாகிய ராஜன் ஹூலும் கோபாலசிங்கம் ஸ்ரீதரனும் தலைமறைவாக இருந்துகொண்டே தம் அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட்டனர். 2007ஆம் ஆண்டிலே அவ்விருவருக்கும் மனித உரிமைக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது வழங்கப்பட்டது. நடேசய்யர் உள்ளே செல்வதற்கு வேடம் பூண்டார். இவர்கள் வெளியே சொல்வதற்கு மறைந்து வாழ்ந்தனர். இடைப்பட்ட காலம் எழுபது ஆண்டுகளுக்கும் மேல். பூட்டியவர்கள் மாறினர்; பூட்டு மாறவில்லை.

இத்தகையோரைக் காப்பதற்கு உலகம் சில வழிகளை வகுத்துள்ளது. 1988ஆம் ஆண்டிலே லீமா நகரிலும் 1990ஆம் ஆண்டிலே கம்பாலா நகரிலும் கூடிய கல்விமான்கள் பிரகடனங்கள் வெளியிட்டனர். 1997 நவம்பரிலே யுனெஸ்கோ நிறுவனம், உயர்கல்வி ஆசிரியர்களின் நிலை குறித்து விதப்புரை ஒன்றை ஏற்றுக்கொண்டது. கற்பிக்கவும், ஆராயவும், ஆராய்ச்சியின் முடிவை வெளியிடவும், தாம் பணிபுரியும் நிறுவனத்தைப் பற்றிக்கூடக் கருத்துச் சொல்லவும் ஆசிரியருக்கு உள்ள உரிமையை அது எடுத்துரைக்கின்றது. ஆபத்துக்குள்ளான அறிஞருக்குத் தற்காலிகப் பதவியளித்து வேறு நாடுகளில் இடமளிக்கும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பும் இயங்கி வருகின்றது. இவை யாவும் பயனுடையன. எனினும், நாட்டை விட்டு வெளியேறிய அறிஞரின் உயிர் தப்பும். அவர் கேட்கவேண்டிய கேள்வியோ ஊரிலே கேட்பாரற்றுக் கிடக்கும். ஆதலால் இறுதியான பாதுகாப்பு உள்நாட்டிலேயே தேடப்படவேண்டியது.

அக்கேள்வி கேட்கப்படாவிடின், அல்லது அதன் விடை மக்களைச் சென்றடையாவிடின், என்ன நேரும் என்பதற்கு ஊவாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே, 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் ஆபத்தானது என்றும் மக்களை வேறிடத்தில் குடியேற்றவேண்டும் என்றும் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் எச்சரித்திருந்தது. ஆராய்ந்தவர்களை எவரும் சிறையிடவில்லை, எவரும் சுடவில்லை. அறிவு பிறந்தது, அறிக்கையும் எழுதப்பட்டது. ஆயினும் அந்த லயங்களிலே உறங்கியவர்கள் அங்கேயே தொடர்ந்து வாழ விடப்பட்டனர். உள்ளே செல்லும் வாயில் திறந்திருந்தும், உண்மை மக்களைச் சென்று சேரும் வாயில் அடைபட்டிருந்தது. ஆராய்ச்சிச் சுதந்திரம் பட்டதாரிகளுக்கு உரிய ஒரு சலுகை என்று எண்ணுவோர், மீரியபெத்தையை நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

2015ஆம் ஆண்டிலே தகவலறியும் உரிமை அரசியலமைப்பிலே சேர்க்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வழியை வகுத்தது. தோட்டத்து லயத்திலே வாழும் ஒருவரும் தம் மலைச்சரிவைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கையைக் கேட்டுப் பெறும் உரிமையுடையவர். 2005ஆம் ஆண்டிலே பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களிலே பயில்கின்றனர்; தம் பெற்றோரின் வரலாற்றைத் தாமே ஆராயும் தகுதியும் பெறுகின்றனர். அவர்களுக்கு வேடம் வேண்டியதில்லை.

ஆயின், அவர்கள் எழுப்பும் கேள்விகள் தோட்ட நிருவாகத்துக்கோ தொழிற்சங்கத்துக்கோ அரசாங்கத்துக்கோ தம் சமூகத்துக்கேயோ கசப்பாக அமையலாம். அப்பொழுது அவர்களுக்குத் துணை நிற்கவேண்டியோர் பலர். வழக்கைக் கட்டணமின்றி எடுத்துப் பேசும் சட்டத்தரணி, அஞ்சாத நீதியரசர், தம் சம்பளத்தில் ஒரு பங்கை ஒதுக்கும் சக ஆசிரியர், கசப்பான செய்தியையும் வெளியிடும் பத்திரிகை, கேள்வி கேட்ட மாணவனை மடக்காத பள்ளிக்கூடம் ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே பாதுகாப்பு. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டது மிகச் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் மலையிலுள்ள எந்த ஊரிலும் இன்றே தொடங்கக்கூடியது அதுவேயாகும்.